செலே பள்ளத்தாக்கில் நடக்க: ஃபிஜாக்கிலிருந்து சான் சிர் லாபோபி வரை, ஜி.ஆர். 651 பாதைக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சின் தென்மேற்கில், லோத் மாவட்டத்தில் ஓடும் சிறிய ஆறு செலே. கான்தால் மலைகளில் பிறந்து, ஃபிஜாக் நகரத்தைக் கடந்து, பூசியெஸ் ஊருக்கு எதிரே லோத் ஆற்றில் கலக்கிறது. பிரான்சின் நெடுந்தூர நடைப் பாதைகளுக்கு ஜி.ஆர். என்று பெயர். ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையான ஜி.ஆர். 65, ஃபிஜாக்குக்குப் பிறகு தெற்கே லோத் பக்கம் இறங்கி கஜார்க் வழியாகப் போகும். அதிலிருந்து பெதுவே ஊருக்கு அருகில் பிரிந்து செலே பள்ளத்தாக்கு வழியாகப் போகும் கிளைதான் ஜி.ஆர். 651. கூட்டம் குறைவு, ஊர்கள் சின்னவை, காட்சிக்குக் குறைவே இல்லை. எங்களைக் கேட்டால், நாலு நாள் கையில் இருப்பவர் முதன்மைப் பாதையை விட்டு இதைத்தான் எடுக்க வேண்டும்.

புறப்படும் முன் வரைபடத்தை விரித்து ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு கீழே நெளிந்து ஓடுகிறது, பாதை பெரும்பாலும் அதை ஒட்டி ஓடுவதில்லை. ஆற்றங்கரை ஊரிலிருந்து கிளம்பினால் செங்குத்தாக ஏறி, கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தில் சில கிலோமீட்டர் நடந்து, அடுத்த ஊருக்கு மறுபடி இறங்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றமும் 100 முதல் 200 மீட்டர். ஒரு நாளில் இது இரண்டு மூன்று முறை நடக்கும். மேலே இருக்கும்போது ஆறு கண்ணுக்குத் தெரியும், ஆனால் குடிக்க ஒரு சொட்டுக் கிடைக்காது. ஆற்றுப் பள்ளத்தாக்குதானே, சமதளமாக இருக்கும் என்று நினைத்து ஒரு லிட்டர் பாட்டிலோடு வருபவர்கள்தான் இங்கே திணறிப் போகிறார்கள். ஆகவே இந்தப் பாதையில் நாளைத் திட்டமிட வேண்டியது கிலோமீட்டரை வைத்து அல்ல. அடுத்த குழாய் எங்கே, அடுத்த படுக்கை எங்கே என்பதை வைத்து.

எப்போது போகலாம்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெள்ளைப் பாறை வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். மேட்டு நிலத்து ஓக் மரங்கள் குட்டையானவை, நிழல் போதாது. அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் காலை ஆறரைக்கு நடையைத் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். தங்குமிடங்களில் காலை உணவு பொதுவாக ஏழு மணிக்குத்தான். முந்தைய இரவே சொல்லி வைத்தால் ரொட்டி, ஜாம், பிளாஸ்கில் காபி எடுத்து வைப்பார்கள்.

மே மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. மே 1, மே 8, விண்ணேற்றப் பெருவிழா என்று விடுமுறைகள் வரிசையாக வரும். பெந்தெகொஸ்தே திங்களும் பெரும்பாலும் மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ விழும். பிரெஞ்சுக்காரர்கள் இடையில் உள்ள ஒரு நாளையும் சேர்த்து நீண்ட விடுப்பாக்கிக்கொள்வார்கள். அந்த வாரங்களில் படுக்கை கிடைப்பது கடினம். நவம்பரிலிருந்து மார்ச் வரை தங்குமிடங்கள் பல மூடியிருக்கும்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு வாக்கில் வேட்டைப் பருவம் தொடங்கி பிப்ரவரி இறுதி வரை நடக்கும். காட்டுப்பன்றி விரட்டும் நாட்களில் பாதையோரம் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை வைப்பார்கள். வேட்டை நடக்கிறது என்று பொருள். ஆரஞ்சு நிறப் பை உறையோ மேலங்கியோ போடுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். வேட்டைக்காரர்களைக் கண்டால் உரக்க வணக்கம் சொல்லி நீங்கள் இருப்பதைத் தெரியப்படுத்துங்கள். கறுப்பு, பழுப்பு உடை அந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

பெயிண்ட் கோடுகளை வாசிப்பது

ஜி.ஆர். பாதைகளின் குறி வெள்ளைக் கோடு மேலே, சிவப்புக் கோடு கீழே. மரம், கம்பம், பாறை, மதில் என்று எதிலும் இருக்கும். இரண்டும் இணையாக இருந்தால் பாதை சரி. கீழே வளைந்த அம்பு சேர்ந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டால் அந்த வழி உங்களுக்கானது இல்லை. மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் அது உள்ளூர் வட்டப்பாதை. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருந்தால் வட்டாரப் பாதை. முக்கோணமும் இரண்டு வட்டங்களும் மலைச் சைக்கிள்காரர்களுக்கு. ஒரே கம்பத்தில் இவை எல்லாமே இருக்கலாம். வெள்ளை சிவப்பை மட்டும் தேடுங்கள்.

பாதை பிரியும் இடத்துக்குப் பின் ஐந்து நிமிடம் நடந்தும் குறி எதுவும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பி வாருங்கள். ‘முன்னால் எங்காவது வரும்’ என்று போகாதீர்கள். மேட்டு நிலத்தில் கல் மதில்களுக்கு இடையே ஓடும் மாட்டுத் தடங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், அரை மணி நேரம் கழித்துத்தான் தவறு புரியும்.

பெயிண்டை மட்டும் நம்பக் கூடாத இடங்கள் இரண்டு. முதலாவது பெதுவே அருகில் உள்ள பிரிவு. ஜி.ஆர். 65, ஜி.ஆர். 651 இரண்டுக்கும் ஒரே வெள்ளை சிவப்புதான். அங்கே கோட்டைப் பார்த்துப் பயனில்லை, வழிகாட்டிப் பலகையில் உள்ள எண்ணையும் ஊர்ப் பெயரையும் படிக்க வேண்டும். கஜார்க், கிரெயாலூ என்று போட்டிருந்தால் அது லோத் பக்கம். எஸ்பான்யாக், மார்சியாக் என்று போட்டிருந்தால் செலே. முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பின்தொடர்ந்தே போனால் கஜார்க் பக்கம்தான் போவீர்கள், ஏனென்றால் பெரும்பாலானோர் அந்த வழிக்காரர்கள். இரண்டாவது பூசியெஸ். அங்கே ஜி.ஆர். 36 குறுக்கிடும். ஆற்றின் மேல்பக்கம் போனால் சான் சிர் லாபோபி, கீழ்ப்பக்கம் போனால் காவோர் நகரம்.

காகித வரைபடம் வேண்டுமென்றால் பிரான்சின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவு. அதில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ. மதில், கிணறு, கல்லறைத் தோட்டம் வரை குறிக்கப்பட்டிருக்கும். கைபேசியில் பார்ப்பவர்கள் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் பாறைச் சுவர் மறைப்பதால் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. ஏறிப் போனால் கிடைக்கும்.

நேரக் கணக்கு

பிரெஞ்சு நடைக்காரர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று: தூரத்தோடு, ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 கி.மீ. கூட்டுங்கள். 18 கி.மீ. நாளில் மொத்தம் 500 மீட்டர் ஏறினால் அது 23. மணிக்கு 4 என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் சாப்பாடு, ஓய்வு, வேடிக்கை பார்ப்பது சேரவில்லை. பை 8 கிலோவுக்கு மேல் இருந்தாலோ பாறை ஈரமாக இருந்தாலோ மணிக்கு மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஆளுக்கு 2 லிட்டர், கோடையில் 3 லிட்டர். ஊரை விட்டு ஏறும் முன் நிரப்புங்கள். பாதி பாட்டில் இருக்கிறதே என்று கடந்து போகாதீர்கள்.

ஊர்க் குழாயில் ‘ஓ போதாப்லு’ என்று எழுதியிருந்தால் குடிநீர். ‘நோன் போதாப்லு’ என்றால் குடிக்கக் கூடாது. ஊருக்குள் குழாய் தென்படவில்லையா? கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூக்களுக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் எப்போதும் உண்டு. பெரும்பாலும் ஊர்க் குடிநீர் இணைப்புதான். எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் உறையாமலிருக்கச் சில இடங்களில் அடைத்து வைப்பார்கள்.

பாறை அடியிலிருந்து பளிங்குபோல் பீறிடும் ஊற்றுகளைப் பள்ளத்தாக்கில் அங்கங்கே பார்ப்பீர்கள். ஆசையாக இருக்கும், ஆனாலும் அப்படியே குடிக்காதீர்கள். மணல் மண்ணில் நீர் மெல்ல வடிகட்டப்படும். சுண்ணாம்புப் பாறையில் அப்படி இல்லை. மேலே ஆடு மாடு மேயும் நிலத்தில் பெய்த மழை, வெடிப்புகள் வழியாகச் சடசடவென்று இறங்கி வடிகட்டாமலே கீழே வந்துவிடும். தெளிவாக இருப்பதால் சுத்தம் என்றாகாது. ஆற்று நீருக்கும் இதே விதிதான்.

அதே காரணத்தால்தான் மேட்டு நிலத்தில் ஓடை இல்லை, குளம் இல்லை. பெய்யும் நீரெல்லாம் உள்ளே போய்விடுகிறது. அப்படி நீர் அரித்துண்டான செங்குத்துக் குழிகளை அங்கே ‘இக்’ என்பார்கள். சிலவற்றின் வாய் புதரால் மூடியிருக்கும். படம் எடுக்கவோ ஒதுங்கவோ மதில் தாண்டிப் போகும்போது காலடியைப் பார்த்து வையுங்கள், குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

படுக்கையும் சாப்பாடும்

நடைக்காரர் விடுதிக்கு ‘ஜீத் தெத்தாப்’ என்று பெயர். பொது அறையில் படுக்கை, பகிர்ந்துகொள்ளும் குளியலறை. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து எடுப்பதை ‘தெமி பான்சியோன்’ என்பார்கள். ஆளுக்கு 40 முதல் 55 யூரோ வரை ஆகும். இந்தப் பள்ளத்தாக்கில் அதையே எடுங்கள். உணவகம் இருக்கும் ஊர்கள் குறைவு, இருந்தாலும் அன்றைக்குத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

முன்பதிவு கட்டாயம், தொலைபேசியில் பேசுவது நல்லது. பருவத்தில் இரண்டு மூன்று வாரம் முன்னதாக, மே விடுமுறைகளுக்கு இன்னும் முன்னதாக. வரமுடியாமல் போனால் சொல்லிவிடுங்கள். அவர்கள் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். ஆறு படுக்கை உள்ள விடுதிக்கு ஒரு படுக்கை சும்மா கிடப்பது பெரிய இழப்பு.

சைவர்கள் பதிவு செய்யும்போதே ‘சான் வியாந்த், சான் புவாசோன்’, அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாத்தும் ஆட்டிறைச்சியும்தான் இந்த வட்டார உணவின் அடிப்படை. சாலட்டில்கூடப் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவுவார்கள், சூப் எலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம். முன்பே தெரிந்தால் முட்டை, பருப்பு, ரோகாமதூர் ஆட்டுப்பால் சீஸ், வால்நட் போட்ட சாலட் என்று நன்றாகவே பரிமாறுவார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் ரொட்டியும் சீஸும்தான் மிஞ்சும்.

விடுதிக்கு மாலை மூன்று முதல் ஆறு மணிக்குள் போய்ச் சேருங்கள். காலணியை வாசலில் கழற்ற வேண்டும். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி, பையை அறைக்குள் கொண்டுபோக விடாத இடங்கள் உண்டு. ஒரு பெட்டியோ கூடையோ தருவார்கள், தேவையானதை மட்டும் அதில் எடுத்துப் போகலாம். போர்வை கொடுப்பார்கள். உள்ளே விரிக்கப் பை வடிவ மெல்லிய துணி விரிப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பணத்தை ஃபிஜாக்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 60 யூரோ வீதம். விடுதிகள் பலவற்றில் அட்டை செல்லாது. மளிகைக்கும் ஃபிஜாக்தான் சரியான இடம். சின்ன ஊர்க் கடைகள் மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மூன்றரை வரை மூடியிருக்கும், ஞாயிறு மாலையும் திங்களும் பெரும்பாலும் திறக்கவே மாட்டார்கள். ஒரு வேளை உணவு கூடுதலாக எப்போதும் பையில் இருக்கட்டும்: கெட்டி ரொட்டி, சீஸ், உலர்பழம்.

நாள் 1: ஃபிஜாக் – எஸ்பான்யாக், சுமார் 24 கி.மீ.

எகிப்திய எழுத்துகளை வாசித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் ஃபிஜாக். அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தின் பின்னால் ஒரு முற்றத்தில், அந்த எழுத்துகளை வாசிக்க உதவிய ரோசெட்டாக் கல்லின் பெரிய பிரதியைத் தரையில் பதித்திருக்கிறார்கள். முந்தைய மாலையே வந்து பார்த்துவிடுங்கள், காலையில் நேரம் கிடைக்காது.

நீளமான நாள் இது. முதல் பகுதி ஜி.ஆர். 65 மேலேயே. ஃபேசேல் வரை ஏற்றம், அங்கிருந்து தெற்கே லோத் பள்ளத்தாக்கு விரிவாகத் தெரியும். அங்கே தண்ணீர் நிரப்பிக்கொண்டு பெதுவே பக்கம் நடந்து, மேலே சொன்ன பிரிவில் 651ஐப் பிடித்து, செலே நோக்கி இறங்கி, கோர்ன் ஊர் வழியாகப் போக வேண்டும். முதல் நாளில் 24 கி.மீ. அதிகம் என்று தோன்றினால் பெதுவே பக்கம் படுத்து இரண்டாக உடைக்கலாம். புதுக் காலணியோடு வருபவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

எஸ்பான்யாக்கில் பழைய கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. நோத்ருதாம் து வால் பரதி என்று பெயர். கோயிலின் மணிக்கூண்டு மேலே மரச்சட்டமும் செங்கல்லும் கலந்து கட்டப்பட்டது, இந்தப் பக்கத்துக் கல் கட்டடங்களுக்கு நடுவே தனியாகத் தெரியும். மடத்துக் கட்டடத்திலேயே ஊர் விடுதி இயங்குகிறது. படுக்கைகள் குறைவு, முதலில் நிரம்புவது இதுதான்.

நாள் 2: எஸ்பான்யாக் – மார்சியாக், சுமார் 17 கி.மீ.

பிரெங் ஊருக்கு மேலே பாறைச் சுவரின் நடுவில் கற்சுவர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் காலத்துக் குகைக் கோட்டைகள் இவை, ‘ஆங்கிலேயர் கோட்டை’ என்பார்கள். கீழிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். பாறை உதிரும், ஏறும் வழி கிடையாது.

தூரம் குறைவாக இருந்தாலும் ஏறி இறங்கும் பகுதிகள் இன்று அதிகம். கல் மதில்களுக்கு இடையே போகும் பாதையில் சின்ன வட்டக் கல் குடிசைகள் வரும். கசேல் அல்லது கரியோத் என்பார்கள். சுண்ணமோ சிமெண்டோ இல்லாமல் கல் மேல் கல் அடுக்கியே கூரையையும் கூம்பாக மூடியிருப்பார்கள். வயலில் பொறுக்கிய கல்லுக்கு அதுவே போக்கிடமாகவும் இருந்தது. மதிலிலிருந்து ஒரு கல்லையும் இழுக்காதீர்கள், ஏறி உட்காராதீர்கள். பூச்சு இல்லாத சுவரில் ஒரு கல் போனால் ஒரு கஜம் சரியும். மேய்ச்சல் நிலக் கதவுகளைத் திறந்தால் உடனே மூடுங்கள். உள்ளே நிற்பவை கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் கொண்ட கோஸ் ஆடுகள், குட்டிகளோடு இருக்கும்.

சான் சுல்பிஸ், பாறையின் கீழ் ஒடுங்கியிருக்கும் சிற்றூர். கடைசி இறக்கம் மார்சியாக்குக்கு. அங்கே பெனடிக்டின் துறவிகளின் மடம் பாதி இடிந்து, கூரையில்லாத வளைவுகளோடு ஆற்றங்கரையில் நிற்கிறது. பக்கவாசலுக்கு மேலே உள்ள பழைய சிற்பங்களைப் பார்க்காமல் போகாதீர்கள். ஊரில் கடை உண்டு. அடுத்த நாளுக்கான உணவை இன்று மாலையே வாங்கிவிடுங்கள்.

நாள் 3: மார்சியாக் – கப்ரெரே, சுமார் 18 கி.மீ.

நான்கு நாட்களில் கடினமானது இதுதான். ஊர்கள் மெலிந்துவிடும், நடுவில் சொல்லத்தக்க ஊர் சோலியாக் மட்டுமே. மேட்டு நிலத்துப் பகுதி நீளம், வெயில் நேராக விழும். கோடையில் 3 லிட்டர் என்று சொன்னது முக்கியமாக இந்த நாளுக்குத்தான்.

இறக்கங்களில்தான் விழுவார்கள். சுண்ணாம்புக்கல் நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டு மெருகேறியிருக்கிறது. ‘புயி’ புதர்கள் இருபுறமும் நெருக்கி நிற்பதால் மழை விட்ட பிறகும் பாதை நாள் முழுக்கக் காயாது, பாசி படியும். ஈரத்தில் அந்தக் கல் சோப்புபோல் வழுக்கும். ஊன்றுகோலின் இரும்பு முனை மெருகேறிய பாறையில் சறுக்கிப் போகும். காய்ந்த பாறைக்கு ரப்பர் மூடி போடுங்கள், களிமண் இறக்கத்துக்கு மட்டும் கழற்றுங்கள். அடியைச் சின்னதாக வைத்து, பாதம் முழுவதும் பதிய, முழங்காலைச் சற்று மடித்து இறங்குங்கள். குதிகாலை முதலில் ஊன்றினால் கால் முன்னால் ஓடிவிடும்.

ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் நாடாவை மறுபடி கட்டுங்கள். உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாதத்தைப் பின்னால் தள்ளுங்கள். விரல் பகுதியில் நாடா தளர்வாகவே இருக்கட்டும். கணுக்கால் வளையும் இடத்தில் நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பூட்டிய பிறகு மேல்கொக்கிகளுக்குப் போங்கள். அந்தச் சுற்று இருந்தால் பாதம் முன்னால் நகராது. நகர்ந்தால் விரல் நுனி காலணியில் மோதி, மாலைக்குள் நகம் கறுத்துவிடும். கிளம்பும் இரண்டு நாள் முன்பே நகங்களை வெட்டிவிடுவதும் இதற்காகத்தான்.

காலில் எங்காவது சூடாக உரசுவது தெரிந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். ‘அடுத்த ஊரில் பார்க்கலாம்’ என்றால் கொப்புளம்தான். காலுறையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, உரசும் இடத்தில் ஒட்டுத் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரியுங்கள். கூரான மூலை சுருண்டு எழும்பும். மதியச் சாப்பாட்டின்போது காலணியும் காலுறையும் கழற்றியே உட்காருங்கள்.

மாலை குளித்ததும் உண்ணி பார்க்க வேண்டும். முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இருந்த இடம், அக்குள், காதின் பின்புறம், தலைமயிர் ஓரம். மருந்துக் கடையில் ‘தீர் தீக்’ என்று கேட்டால் சின்னக் கொக்கி ஒன்று தருவார்கள், ஃபிஜாக்கில் வாங்கிவிடுங்கள். கொக்கியைத் தோலோடு ஒட்டி உண்ணியின் அடியில் நுழைத்து, மெல்லச் சுழற்றியபடி தூக்குங்கள். எண்ணெய், சாராயம், நெருப்பு எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உண்ணி தன் உமிழ்நீரை உடலுக்குள் கக்கும், கிருமியும் சேர்ந்து இறங்கலாம். எடுத்த பிறகு கிருமிநாசினி போட்டு, தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் தோன்றிப் பெரிதானால் மருத்துவரிடம் போக வேண்டும். லைம் நோயின் அறிகுறி அது, ஆரம்பத்தில் மருந்து நன்றாகக் கேட்கும்.

கப்ரெரேயில் பெஷ் மெர்ல் குகை

இதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். 1922இல் இரண்டு சிறுவர்கள் உள்ளே புகுந்து கண்டறிந்த குகை. புள்ளி போட்ட குதிரைகளின் ஓவியம் சுமார் 29,000 ஆண்டுப் பழமையானது. பிரதி எடுத்து வைத்த குகை அல்ல, அசல் ஓவியத்தின் முன்னாலேயே நிற்கிறோம். இப்படிப் பொதுமக்களை அனுமதிக்கும் இடங்கள் உலகத்திலேயே அதிகமில்லை. மூச்சுக்காற்றும் ஈரமும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் நாளைக்கு 700 பேருக்குத்தான் அனுமதி. ஜூலை, ஆகஸ்டில் பல நாள் முன்னதாகவும் மற்றப் பருவத்தில் இரண்டு மூன்று நாள் முன்னதாகவும் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். வழிகாட்டியோடு சுமார் ஒரு மணி நேரம், படம் எடுக்கத் தடை. உள்ளே 12 டிகிரிதான். வியர்த்த சட்டையோடு நுழைந்தால் நடுங்குவீர்கள், மாற்றுச் சட்டையும் கம்பளி மேலாடையும் கையில் இருக்கட்டும். ஊரிலிருந்து குகை வாசலுக்கு ஏற்றம், அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மாலையிலேயே அவசரமாகப் போய்ப் பார்ப்பதைவிட நாலாம் நாள் காலை முதல் வரிசையில் போவது மேல்.

நாள் 4: கப்ரெரே – பூசியெஸ் – சான் சிர் லாபோபி, சுமார் 12 கி.மீ.

பள்ளத்தாக்கைப் பிரியும் கடைசி ஏற்றம் ஒன்று, பிறகு லோத் ஆற்றுக்கு இறக்கம். பாலம் கடந்தால் பூசியெஸ். அங்கிருந்து ஆற்றின் மேல்பக்கம், ஜி.ஆர். 36 மீது, பாறையையே குடைந்து வெட்டிய இழுவைப் பாதை வரும். ஆற்றுப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்துப் போவதற்காக 1840களில் வெட்டியது. தலைக்கு மேல் பாறை, வலப்புறம் பாறை, இடப்புறம் ஆறு. கைப்பிடி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், குழந்தைகளைப் பாறைப் பக்கமாக நடத்துங்கள். பாறை உதிரும் அபாயம் தெரிந்தால் இந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். அன்று திறந்திருக்கிறதா என்று கப்ரெரே விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தால் தடுப்பைத் தாண்டாமல் மாற்றுவழிக் குறியைப் பின்பற்றுங்கள்.

சான் சிர் லாபோபி ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறை முனையில் அமைந்த ஊர். பகலில் சுற்றுலாக் கூட்டம் நெரியும். மாலை ஆறுக்கு மேல் ஊர் அமைதியாகிவிடும், அதனால் இரவு தங்குவது நல்லது.

வானிலையும் அவசரமும்

காலையில் பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தேயோ பிரான்ஸின் எச்சரிக்கை நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் மேட்டு நிலத்துக்கு ஏறாதீர்கள். மஞ்சள் நாளில் இடி வரக்கூடும் என்றால் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், அங்கே இடி பெரும்பாலும் பிற்பகலில். கனமழைக்குப் பின் ஆற்று நிலையை விஜிக்ரூ தளம் காட்டும். பழைய ஆலைத் தடுப்பணைகளுக்கு அருகில் எப்போதுமே குளிக்காதீர்கள், கீழே சுழல் இழுக்கும்.

அவசர எண் 112. பேச முடியாத நிலையில் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஊராட்சிப் பெயரையும் கைபேசி காட்டும் அகல, நீளக் கோட்டு எண்களையும் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் ஒருவர் காயம்பட்டவரோடு இருக்க, மற்றவர் மேட்டுக்கு ஏற வேண்டும். பள்ளத்தாக்கின் சாலை டி 41 ஆற்றையொட்டிப் போகும், உதவி வண்டிகள் அதில்தான் வரும். சோர்ந்துபோய் அந்தச் சாலையிலேயே நடந்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒடுக்கமான சாலை, ஓரம் கிடையாது, வளைவுகளில் வண்டிக்காரர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள்.

வருவதும் திரும்புவதும்

ஃபிஜாக்குக்கு ரயில் உண்டு. துலூசிலிருந்து நேராகச் சுமார் இரண்டரை மணி நேரம். பாரிசிலிருந்து வந்தால் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ஏறிப் பிரீவில் மாற வேண்டும். செலே பள்ளத்தாக்குக்குள் பேருந்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் விடுதிக்காரர் வழியாக வாடகை வண்டி அழைப்பதுதான் வழி. முதுகில் சுமக்க முடியாதவர்களுக்கு, விடுதியிலிருந்து விடுதிக்குப் பையைக் கொண்டுபோகும் லா மால் போஸ்தால் போன்ற சேவைகள் உள்ளன. முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும், 651க்கு அந்த வாரம் வருகிறார்களா என்றும் கேளுங்கள்.

முடிவில் சான் சிர் லாபோபியிலிருந்து ஆற்றைக் கடந்து தூர் து ஃபோர் ஊருக்கு இறங்கினால், காவோருக்கும் ஃபிஜாக்குக்கும் இடையே லோத் ஆற்றோரம் ஓடும் லியோ என்ற வட்டாரப் பேருந்து கிடைக்கும். ஞாயிறு, பொது விடுமுறைகளில் வண்டிகள் மிகக் குறைவு, நேரத்தை முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காவோரிலிருந்து பாரிசுக்கும் துலூசுக்கும் நேர் ரயில். நடந்தே காவோர் போக விரும்பினால் பூசியெஸிலிருந்து ஜி.ஆர். 36 மேல் சுமார் 30 கி.மீ. அதை இரண்டு நாளாகப் பிரித்து, நடுப் படுக்கையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.